கரண்ட் போவதும் திரும்புவதும்: மின் வலையின் மீள்திறன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணை மின்நிலையத்திலும் பிறகு கட்டுப்பாட்டு அறையிலும் வேலை பார்த்த வருடங்களில் ஒரே சந்தேகங்கள்தான் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு மாதிரி கேட்பார்கள், புராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள் இன்னொரு மாதிரி கேட்பார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் எளிது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

"கரண்ட் போகாம இருந்தாலே நல்ல நெட்வொர்க்தானே? அப்புறம் என்ன மீள்திறன்?"

ஒருபோதும் போகாத மின் வலை எங்கும் கிடையாது. மரம் விழும், இடி இறங்கும், இன்சுலேட்டர் வெடிக்கும், அணில் ஏறும். ஆகவே "போகுமா போகாதா" என்று கேட்பதில் பயனில்லை. போனால் எவ்வளவு பேருக்குப் போகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மீள்திறன்.

ஒரு படம் வரைந்தால் புரியும். குறுக்கே நேரம், நெடுக்கே சப்ளை இருக்கும் வீடுகளின் சதவீதம். 100-ல் போய்க்கொண்டிருக்கும் கோடு ஓரிடத்தில் விழும், அப்புறம் மெல்ல ஏறும். நடுவில் உண்டாகும் பள்ளத்தின் பரப்புதான் ஊருக்கு ஏற்பட்ட இழப்பு. ஓர் ஊரில் மொத்தமும் போய் 6 மணி நேரத்தில் ஒரேயடியாகத் திரும்புகிறது என்று வையுங்கள்: 100 × 6 = 600. இன்னோர் ஊரில் 30 சதவீதம் வீடுகளுக்குத்தான் போகிறது, ஆனால் 5 நாள் ஆகிறது: 30 × 120 = 3,600. செய்தியில் பெரிதாக வருவது முதல் ஊர். ஆறு மடங்கு அடிபட்டது இரண்டாவது ஊர்.

"மரம் விழுந்தது நாலு தெரு தள்ளி. எங்க வீட்ல ஏன் போகுது?"

நீங்கள் எல்லோரும் ஒரே ஃபீடரில் இருப்பதால். துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு 11 கிலோவோல்ட் ஃபீடர் பல தெருக்களின் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு வரிசையாகச் சப்ளை கொடுத்துக்கொண்டு போகும். நடுவில் எங்கே ஷார்ட் ஆனாலும் தலைப்பில், அதாவது ஃபீடர் தொடங்கும் இடத்தில், உள்ள பிரேக்கர் டிரிப் ஆகும்; தானாகத் திறந்து சப்ளையை நிறுத்திவிடும். அது பாதுகாப்புக்காக. அறுந்த கம்பி உயிரோடு தரையில் கிடந்தால் ஆள் போய்விடும்.

டிரிப் ஆவதில் குற்றமில்லை. அதற்குப் பிறகு மரம் விழாத தெருக்களையும் இருட்டில் வைத்திருக்கிறோமே, அதைத்தான் குறைக்க வேண்டும்.

"இதையெல்லாம் எப்படி அளக்கிறாங்க? 'அடிக்கடி போகுது'ன்னு சொன்னா போதாதா?"

போதாது. "அடிக்கடி" வேறு, "ரொம்ப நேரம்" வேறு. உலகம் முழுக்க மின் வாரியங்கள் இரண்டு எண்களைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. ஒரு வருடத்தில் ஓர் இணைப்புக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் சப்ளை இல்லை என்பது 'சைடி'. சராசரியாக எத்தனை தடவை போனது என்பது 'சைஃபி'. ஜெர்மனியில் சைடி வருடத்துக்குச் சுமார் 12 நிமிடம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபீடரில் 2,000 இணைப்புகள். மரம் விழுகிறது, சரி செய்ய 2 மணி நேரம். 2,000 பேரும் 120 நிமிடம் இருட்டில். இப்போது விழுந்த இடத்துக்கு முன்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன்மேன் வந்து அதைத் திறந்ததும் தலைப்பிலிருந்து அதுவரை உள்ள 1,200 இணைப்புகளுக்கு 15 நிமிடத்தில் சப்ளை வந்துவிடும். மீதி 800-க்கு மட்டும் 120 நிமிடம். சராசரி 57 நிமிடமாக இறங்கிவிட்டது. அடுத்து, ஃபீடரின் வால் பகுதியைப் பக்கத்து ஃபீடரோடு சேர்க்கவும் ஒரு சுவிட்ச் இருந்தால் வாலில் உள்ள 500 பேரும் 15 நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வருவார்கள். உண்மையில் அடிபட்ட 300 பேர் மட்டும் காத்திருக்கிறார்கள். சராசரி 31 நிமிடத்துக்குக் கீழே.

மரம் அதே மரம், லைன்மேனும் அதே ஆள். இரண்டே சுவிட்சில் 120 என்பது 31 ஆகிவிட்டது. ஆனால் சைஃபி இம்மியளவும் மாறவில்லை. மூன்று கணக்கிலும் 2,000 பேருக்கும் ஒரு தடவை போய்த்தான் வந்திருக்கிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் மரக்கிளையை முன்கூட்டியே வெட்ட வேண்டும். ஒரு எண்ணை மட்டும் காட்டி "முன்னேறிவிட்டோம்" என்று யார் சொன்னாலும் இன்னொரு எண்ணையும் கேளுங்கள்.

"அறிக்கையில சராசரி நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ல அப்படி இல்லையே?"

இந்தக் கேள்வி நியாயமானது. சராசரி இரண்டு விதமாக ஏமாற்றும். முதலாவது, நகரத்தின் லட்சம் இணைப்புகள் கடைக்கோடி கிராமத்தின் 200 இணைப்புகளை மூடி மறைத்துவிடும். இரண்டாவது, பல நாடுகளில் புயல் போன்ற பெரிய நாட்களைக் கணக்கிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் சைடியைப் போடுகிறார்கள். அன்றாட நிர்வாகத்தை எடைபோட அது சரியான முறைதான். ஆனால் மீள்திறனைப் பற்றிப் பேசும்போது, எடுத்து வைத்த அந்த நாட்கள்தான் நமக்கு வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளம் உள்ளிட்ட வெளியிடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்படியும் தோப்புகளுக்கு நடுவே உள்ள வீடுகளுக்குச் சப்ளை போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. அங்கே சுவிட்ச் கணக்கெல்லாம் செல்லாது. கம்பம் கையிருப்பு எவ்வளவு, அதை வயலுக்குள் கொண்டுபோக வழி உண்டா, குழி தோண்ட ஆள் எத்தனை பேர் என்பவைதான் பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்தன. விழுந்த தென்னையை அறுத்து ஒதுக்காமல் ஒரு கம்பத்தைக்கூட அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போக முடியாது.

"50 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ்னு சொல்றீங்களே, அது எங்களுக்கு எதுக்கு?"

இதுவரை பேசியது ஊர் அளவு. இனி நாடு அளவு. அங்கே நாடித்துடிப்பு இந்த எண்தான். கிரைண்டரில் ஊறவைத்த அரிசியைக் கைநிறைய அள்ளிப் போட்டதும் சத்தம் ஒரு கணம் தணிந்து மறுபடி எழும், கேட்டிருப்பீர்கள். நாடு முழுக்க ஒன்றாகச் சுற்றும் ஜெனரேட்டர்களும் அப்படித்தான். லோட் கூடினால் வேகம் இறங்கும், குறைந்தால் ஏறும். அந்த வேகத்தைக் காட்டும் எண்தான் ஃப்ரீக்வென்சி, ஹெர்ட்ஸ் அதன் அலகு. இந்தியாவில் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் அந்தச் சிவப்பு எண்கள் 49.98, 50.01, 49.99 என்று ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஒரு கண் அதில்தான் இருக்கும்.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்தோமே, அன்று நாட்டின் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஃப்ரீக்வென்சி 50.26 வரை ஏறி, 49.70 வரை இறங்கித் திரும்பியது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே தயாராக வைத்து, மடமடவென்று குறைத்து, விளக்குகள் திரும்பியதும் மடமடவென்று ஏற்றினார்கள். யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் நிற்கவில்லை. இவ்வளவு பெரிய சோதனையில் ஒரு வலை தேறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"ஃப்ரீக்வென்சி குறைஞ்சா எங்க ஏரியாவைக் கட் பண்றீங்க. இது என்ன நியாயம்?"

சில ஃபீடர்களில் ஒரு ரிலே இருக்கும், அதாவது அளவைக் கவனித்துத் தானே பிரேக்கரைத் திறக்கும் கருவி. ஃப்ரீக்வென்சி 49.4-க்கு இறங்கினால் முதல் தொகுதி ஃபீடர்கள் தாமாகவே விழும், இன்னும் இறங்கினால் அடுத்த தொகுதி. யாரையும் கேட்காது, கேட்க நேரமும் இருக்காது. அன்று உங்கள் தெரு அந்தத் தொகுதியில் இருந்திருக்கிறது. எரிச்சல் எனக்குப் புரிகிறது. சுழற்சி முறையில் ஃபீடர்களை மாற்றி வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதும் சரி.

ஆனால் அந்த வெட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2006 நவம்பர் 4 இரவு ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றின் மேல் போகும் உயர் அழுத்தக் கம்பியை ஒரு பெரிய கப்பல் கடப்பதற்காக அணைத்தார்கள். சுமை பக்கத்துக் கம்பிகளுக்குத் தாவி, ஒவ்வொன்றாக டிரிப் ஆகி, ஐரோப்பிய மின் வலை மூன்று துண்டாகப் பிரிந்தது. சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு ரிலே வெட்டு விழுந்தது. அந்த வெட்டுதான் மீதியைக் காப்பாற்றியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. அறுக்க வேண்டிய இடத்தில் தானே அறுத்துக்கொள்ளத் தெரிந்த வலைதான் பிழைக்கும். இத்தனை வருடத்தில் நான் முழுமையாக நம்புவது இதைத்தான்.

"2012-ல வடநாடே இருண்டுச்சு. நமக்கு மட்டும் ஏன் போகல?"

முதலில் வடக்கில் நடந்தது. ஜூலை 30 அதிகாலை இரண்டரை மணி வாக்கில் மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனது. அதன் ஜோடி சர்க்யூட்டைத் தரம் உயர்த்தும் வேலைக்காக ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். கம்பி அறுந்ததா? இல்லை. அளவுக்கு மீறிய சுமையைத் தூரத்தில் ஏற்பட்ட ஷார்ட் என்று ரிலே தவறாக எண்ணித் திறந்துவிட்டது. பழுதே இல்லாத ஒரு கம்பியிலிருந்து தொடங்கி வடக்குத் தொகுப்பு, அதாவது வட மாநிலங்களின் மின் வலை, முழுக்கச் சரிந்தது. மறுநாள் மதியம் அதே லைனில் மறுபடியும். இந்தத் தடவை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும். சுமார் 48,000 மெகாவாட் லோட் போனது, 60 கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி. வங்காளத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். முந்தைய பதிலில் சொன்ன ரிலே வெட்டு வடக்கில் போதிய அளவுக்கு நடக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

தெற்கு அப்போது தனித் தொகுப்பு. மற்றத் தொகுப்புகளோடு நம்மை இணைத்தவை ஒடிசாவிலிருந்து வரும் தால்சர்–கோலார் போன்ற நேர்மின் (டி.சி.) இணைப்புகள் மட்டுமே. நேர்மின் இணைப்பு வழியாக மின்சாரம் வரும். அந்தப் பக்கத்து ஃப்ரீக்வென்சி ஆட்டம் வராது. ஆனால் "நமக்குப் போகல" என்பதும் முழு உண்மை இல்லை. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் குறைந்ததும் இங்கேயும் ரிலேக்கள் சில ஃபீடர்களை வெட்டின. அதனால்தான் மற்றவர்களுக்கு இருந்தது.

"தனியா இருந்து தப்பிச்சோம். அப்புறம் 2013-ல ஏன் போய்ச் சேர்ந்தோம்?"

அதே 2012-ல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மின்வெட்டு இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வேறு மாநிலங்களில் மின்சாரம் இருந்தாலும் கொண்டுவரப் போதுமான வழி இல்லை. மேலே சொன்ன பள்ளப் படத்தில் பார்த்தால், வருடத்துக்கு ஒரு பெரிய பள்ளத்திலிருந்து தப்பித்து, தினமும் ஒரு பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தோம்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கு, நாட்டின் மற்றத் தொகுப்போடு சேர்ந்தது. இதற்கு விலை உண்டு: எங்கோ நடக்கும் தவறு இங்கே வரை தெரியும். அந்த விலைக்குத்தான் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கூட்டினார்கள். பிறகு வந்த ராய்கர்–புகளூர் 6,000 மெகாவாட் நேர்மின் லைனும் நல்ல முடிவு. அதில் எவ்வளவு ஓட வேண்டும் என்று நாமே கட்டளையிடலாம்.

"இன்னும் நாலு லைன் இழுத்துட்டா எல்லாம் தீர்ந்துடாதா?"

எல்லா நாட்டிலும் அடிப்படை விதி ஒன்று: எந்த ஒரு கம்பி போனாலும் மீதி தாங்க வேண்டும். அதற்கு லைன் வேண்டும்தான். 2012-ல் ஜோடி சர்க்யூட் வேலையில் இருந்ததால் அந்த விதி அந்த இடத்தில் பெயரளவுக்குத்தான் இருந்தது.

ஆனால் மின்சாரம் நாம் காட்டும் வழியில் போகாது. இருக்கும் எல்லா வழியிலும் பிரிந்து போகும். தடை குறைந்த வழியில் அதிகம். புதிதாக ஒரு தடித்த லைன் போட்டால், அது கொண்டுவந்து கொட்டும் இடத்துக்கு அப்பால் உள்ள பழைய மெல்லிய லைன் திணறலாம். சாலைகளில் இதே விநோதத்தை 1968-ல் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் காட்டினார்: புது ரோடு திறந்த பிறகு எல்லோருக்கும் பயண நேரம் கூடிவிடலாம். மின் வலையிலும் அது நடக்கலாம். ஆகவே லைன் இழுக்கும் முன் கணக்கு.

"எந்தக் கம்பி போனா ஆபத்துன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா? நெட்வொர்க் தியரியில படிச்சோம் சார்."

மாணவர்கள் வழக்கமாக வரைபடத்தை எடுத்து, அதிக இணைப்பு உள்ள நிலையத்தை நீக்கிப் பார்ப்பார்கள். 2000-ல் வந்த ஆல்பர்ட், ஜியோங், பரபாசி ஆய்வுக் கட்டுரை அந்த வழியைப் பிரபலமாக்கியது: சில வலைகள் குருட்டாம்போக்கில் அடித்தால் தாங்கும், மையங்களைக் குறிபார்த்து அடித்தால் சிதறும். நல்ல தொடக்கம்தான். ஆனால் மின் வலையில் எத்தனை இணைப்பு என்பதைவிட எவ்வளவு ஓட்டம் என்பது முக்கியம். ஒதுக்குப்புறமான ஒரு லைன், மாலை 7 மணிக்குச் சாதாரணமாகவும் அதிகாலை 2 மணிக்கு உயிர்நாடியாகவும் இருக்கலாம்.

எனவே ஒவ்வொரு லைனையும் கணினியில் எடுத்துவிட்டு மீதியில் சுமை எப்படிப் பரவுகிறது என்று, அன்றைய நிலவரத்தை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்றையும் பாருங்கள்: போனால் மாற்றுப் பொருள் கிடைக்க எவ்வளவு நாள்? லைனை நாட்களில் கட்டலாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் செய்து வர மாதக்கணக்கில் ஆகும்.

"மொத்தமா இருண்டா, சுவிட்சைப் போட்டா திரும்ப வராதா?"

வராது. அனல் நிலையம் கிளம்பவே மின்சாரம் வேண்டும். பம்புகள், விசிறிகள், நிலக்கரி அரைக்கும் ஆலைகள். யாராவது முதலில் தானாகக் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் அது நீர்மின் நிலையம். சிறிய டீசல் ஜெனரேட்டரை வைத்து மதகைத் திறந்து, ஒரு டர்பைனைச் சுழற்றி, ஒரு லைனுக்கு உயிர் கொடுத்து, கொஞ்சம் லோட் சேர்த்து, அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். லோட் கொஞ்சம் அதிகமாகச் சேர்த்துவிட்டால் எல்லாம் மறுபடி விழும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஃபிரிட்ஜும் மோட்டாரும் சுவிட்ச் போட்டபடி காத்திருப்பதால் முதல் சில நிமிடம் வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 28 மதியம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் கிட்டத்தட்ட முழுதாக இருண்டபோது, ஸ்பெயின் தன் அணைகளையும் பிரான்ஸ், மொராக்கோவிலிருந்து வந்த லைன்களையும் பிடித்துக்கொண்டு மறுநாள் விடிவதற்குள் ஏறக்குறைய எழுந்துவிட்டது. சேர்ந்திருப்பதன் நன்மை இங்கே தெரிகிறது.

"சோலார், காற்றாலை கூடினா வலை பலவீனம் ஆகும்னு சொல்றாங்களே?"

அரை உண்மை. கனமான ஜெனரேட்டர்கள் சுற்றும்போது அவற்றின் உந்தமே முதல் சில விநாடி அதிர்ச்சியைத் தாங்கும். சோலாரில் சுற்றும் பொருள் இல்லை. 2025 பிப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டு இலங்கை முழுக்க இருண்டது. குரங்கு எல்லா ஊரிலும் உண்டு. விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் அதிகம், சுற்றும் இயந்திரங்கள் குறைவு, அதனால்தான் தாங்கவில்லை.

மறுபாதி இது: 2016 செப்டம்பர் 28 தெற்கு ஆஸ்திரேலியா இருண்டதில், பல காற்றாலைகளில் "இத்தனை தடவை வோல்டேஜ் இறங்கினால் விலகிக்கொள்" என்ற அமைப்பு இருந்தது தெரியவந்தது. அமைப்பை மாற்றினார்கள். அடுத்த வருடமே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. அது நொடியின் பகுதியில் ஃப்ரீக்வென்சியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆக, சரியான அமைப்பும் பேட்டரியும் இல்லாமல் சோலாரைக் கூட்டுவதுதான் பலவீனம். மாடி சோலார் நிறைந்த ஃபீடரை ரிலே வெட்டினால் லோடோடு உற்பத்தியும் போகும் என்பதையும் மறுபடி யோசித்தாக வேண்டும்.

"கரண்ட் போனா டவரும் போகுது, தண்ணியும் போகுது. இது யார் கணக்குல வருது?"

யார் கணக்கிலும் வருவதில்லை, அதுதான் குறை. டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். டீசல் வண்டி வரச் சாலையில் மரம் அகற்ற வேண்டும். பங்கில் டீசல் எடுக்கப் பம்ப் ஓட வேண்டும், அதற்கு மின்சாரம். லைன் சரிசெய்யும் குழுவைக் கூப்பிடப் போன் வேண்டும், அதற்கு டவர். ஒரு வளையம். 2003-ல் இத்தாலி முழுக்க இருண்ட நிகழ்வை வைத்து, இப்படி ஒன்றையொன்று நம்பும் இரண்டு வலைகள் தனித்தனியாக இருப்பதைவிட எளிதில் சிதறும் என்று 2010-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வளையத்தை எங்காவது ஓரிடத்தில் உடைத்தால் போதும். துணை மின்நிலையங்களுக்கு இடையே தனி வயர்லெஸ், குடிநீர் நிலையத்துக்கு இரண்டு நாள் டீசல், ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைக்காமல் மேலே வைப்பது. சென்னைக்காரர்களுக்கு 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கடைசி விஷயத்தை விளக்கத் தேவையில்லை.

"எல்லாத்தையும் பூமிக்கடியில போட்டுடலாமே?"

புயல் அதிகம் வரும் நெருக்கமான நகரத்தில் போடலாம், செலவு பல மடங்கு. பழுது குறையும், ஆனால் வந்தால் இடம் கண்டுபிடித்துத் தோண்டி இணைக்க அதிக நேரம். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சப்ளை வரும்படி வளையமாகப் போட வேண்டும். ஒரே பக்கச் சப்ளையில் கேபிள் போட்டால் சைஃபி நன்றாகும், ஆனால் சைடியும் நன்றாகும் என்று சொல்ல முடியாது.

"எங்க ஊருக்கு ரெண்டாவது லைன் கேட்டு மனு கொடுக்கப் போறோம். என்ன எழுதணும்?"

"இரண்டாவது லைன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதே கம்பத்தில் இன்னொரு சர்க்யூட் இழுத்துக் கொடுத்தாலும் அது இரண்டாவது லைன்தான். கம்பம் சாய்ந்தால் இரண்டும் போகும். வேறு துணை மின்நிலையத்திலிருந்து, வேறு சாலை வழியாக, ஆற்றை வேறு இடத்தில் கடந்து வரும் லைன் என்று எழுதுங்கள். அந்த இன்னொரு நிலையத்தின் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கோடைக்கால உச்ச நேரத்திலும் உங்கள் ஊரைத் தாங்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம், இரண்டு லைனையும் சேர்க்கும் சுவிட்சைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அவசரத்துக்கு என்று வைத்த ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தின் மேலே இருக்கும், கீழிருந்து கைப்பிடியால் இயக்குவோம்) பல வருடம் யாரும் தொடாமல் கிடந்து, தேவைப்பட்ட இரவில் இரண்டு பேர் கைப்பிடியில் தொங்கியும் அசையாததை நான் பார்த்திருக்கிறேன். பூட்டுக்குள் குளவிக் கூடு, பிளேடு முழுக்கத் துரு. கடைசியில் கம்பத்தில் ஏறிச் சுத்தியலால் தட்டித்தான் மூடினோம். விடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவை, வெயில் இல்லாத ஒரு காலையில், ஊர் லோடை முழுதாக அந்த லைனுக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துத் தேதியோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கேளுங்கள். பதிவேட்டைப் பார்க்கவும் கேளுங்கள்.